வன்னியின் மருந்துக் கணக்கு

மருந்து நிறுவனமொன்றில் தகவல் தொழில்நுட்பப் பட்டதாரி பார்க்கும் வேலைக்கு முன்னோடி, மருந்துக் களஞ்சியப் பொறுப்பாளரின் பேரேடு. எந்த மருந்து எவ்வளவு வந்தது, எங்கே போனது, மிச்சம் எத்தனை, எப்போது காலாவதியாகும் என்பவற்றைப் பிழையில்லாமல் சொல்வதுதான் அன்று பேனா பிடித்தவருக்கும் இன்று கணினித் திரைக்கு முன் இருப்பவருக்கும் கடமை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்தக் கணக்குப் பிசகியபோது மனிதர் செத்திருக்கிறார்கள். ஆகவே அங்கே மருந்து எப்படி வந்தது, எப்படி எண்ணப்பட்டது, எண்ணும் வேலை எப்படிக் கணினிக்கு மாறியது என்பவற்றை ஒரே வரலாறாகப் பார்ப்பதே பொருத்தம்.

ஆங்கில வைத்தியம் வருவதற்கு முன் வன்னியின் மருந்துக் களஞ்சியம் காடுதான். பரியாரியார் வேரையும் பட்டையையும் தேவைப்பட்ட நேரத்தில் காட்டில் எடுத்தார். கடைச்சரக்கை வெளியிலிருந்து தருவித்தார். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் ஏட்டுப் பிரதிகளாக வைத்தியக் குடும்பங்களில் புழங்கின. விஷகடிக்கென்றே தேர்ச்சி பெற்ற பரியாரிமார் இருந்தார்கள். இந்த முறையில் அளவும் பத்தியமும் கண்டிப்பாகப் பேணப்பட்டன. சேமித்து வைத்துப் பல ஊர்களுக்குப் பங்கிடுவது என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

அந்தக் கேள்வி பிரித்தானியர் ஆட்சியில் எழுந்தது. இலங்கையில் சிவில் மருத்துவத் திணைக்களம் 1858இலும் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலும் தொடங்கின. அப்போதிக்கரி எனப்பட்ட உதவி வைத்தியர்கள் சிறு வைத்தியசாலைகளையும் டிஸ்பென்சறிகளையும் நடத்த நாடெங்கும் அனுப்பப்பட்டார்கள். வன்னியில் அவர்களுக்கு எதிரே நின்றவை இரண்டு: காய்ச்சலும், யாஸ் எனப்படும் பறங்கி நோயும். முதன்மைச் சிவில் மருத்துவ அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஆர். கின்சி 1881இல் பறங்கி நோய் பற்றியே தனி அறிக்கை எழுதினார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் வவுனியாவையும் முல்லைத்தீவையும் விரிவாகப் பதிந்தது. உடைந்த குளங்களும் ஆளரவம் குறைந்த ஊர்களும் நோயும் அதில் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன.

1905இல் வடக்கு ரயில் பாதை வவுனியா, கிளிநொச்சி வழியாக முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு கொழும்பிலிருந்து மருந்துப் பெட்டி வருவது இலகுவானது. நிலையத்திலிருந்து உள்ளூருக்கு மாட்டு வண்டில்தான். அரச வைத்தியசாலைக்குப் போகிறவர் கையில் வெறும் போத்தலோடு போவது நெடுங்காலம் நிலைத்த வழக்கம். அப்போதிக்கரி பெரிய சாடியிலிருந்து கலவை மருந்தை அந்தப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார். எத்தனை அவுன்ஸ் போனது என்பது பேரேட்டில் ஏறும். போத்தல் யாருடையது என்பது பெரும்பாலும் அவருடைய ஞாபகத்தில் மட்டும் இருக்கும். காய்ச்சலுக்கான கொயினா மருந்து, வைத்தியசாலைக்கு வெளியே விதானைமார், பள்ளிக்கூட ஆசிரியர்கள் கையாலும் விநியோகமானது. மருந்துக் கணக்கைச் சாதாரண அலுவலர்களும் வைத்திருக்க முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அந்த அழிவு பெரிதும் தென்மேற்கு, மத்திய பகுதிகளில் நிகழ்ந்தது. வன்னிக்கோ மலேரியா ஆண்டுதோறும் வந்து போகும் நோய். இரணைமடுக் குளத்தை அண்டி 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியபோது காணி பெற்று வந்தவர்கள் முதலில் போராடியது காய்ச்சலோடுதான். 1946இலிருந்து டி.டி.டி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவானார்கள். தெளிப்பு நின்றதும் 1960களின் இறுதியில் நோய் ஆயிரக்கணக்கில் அல்ல, இலட்சக்கணக்கில் திரும்பியது. நோய் இல்லாதபோதும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை இலங்கையின் சுகாதாரத்துறை அப்போதுதான் கற்றது. இரத்தப் பூச்சுக் கண்ணாடிகளை ஊர் ஊராகச் சேகரித்துப் பரிசோதித்துப் பதிந்த மலேரியாத் தடை இயக்கத்தார், பின்னர் உள்நாட்டு யுத்தம் நடந்த ஆண்டுகளிலும் வன்னியில் வேலை செய்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது.

மருந்துகளை நாடு தழுவிய ஒரே கணக்கில் கொண்டுவந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் தயாரித்த அறிக்கையின் வழியாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. தனியார் சந்தைக்கு இறக்குமதியான சுமார் 2,100 மருந்து வகைகளை ஏறத்தாழ 600 ஆகக் குறைத்து, வணிகப் பெயருக்குப் பதிலாக மூலப் பெயரில் வாங்கும் ஒழுங்கை அது கொண்டுவந்தது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. இந்தச் சீர்திருத்தத்தின் விலைப் பயன் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. களஞ்சியத்துக்கு அது செய்த நன்மை குறைவாகவே பேசப்படுகிறது. ஒரே மருந்து பத்துப் பெயரில் வரும்போது தூரத்து ஆஸ்பத்திரியின் களஞ்சியக்காரர் எந்தக் கணக்கை வைப்பார்? ஒரு மருந்துக்கு ஒரு பெயர் என்றான பிறகே அதற்கு ஒரு எண் கொடுக்கவும், கொழும்பிலும் மாங்குளத்திலும் அதே எண்ணால் கேட்கவும் வழி பிறந்தது. பிற்காலத் தரவுத்தளங்கள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுவே.

வன்னியில் அதே காலத்தில் சுகாதாரத்தோடு தொடர்புடைய ஒரு தொழிற்சாலையும் இயங்கியது. பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனம் 1950களில் உருவானது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் அங்கே தயாராயின. நாட்டின் குடிநீரைத் தொற்று நீக்கப் பயன்பட்ட குளோரினில் பரந்தனின் பங்கு இருந்தது. யுத்தம் அந்த ஆலையை மூடியது. மருந்து உற்பத்தியை ஒத்த தொழில் ஒன்று வன்னியில் வளர்ந்திருக்குமானால் அது பரந்தனைச் சுற்றியே வளர்ந்திருக்கும் என்று சொல்வது மிகை ஆகாது. ஆனால் 1987இல் தோன்றிய அரச மருந்தாக்கல் உற்பத்திக் கூட்டுத்தாபனம் இரத்மலானையில் அமைந்தது. தனியார் ஆலைகளும் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியும் தெற்கிலுமே எழுந்தன.

முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. மாவட்டம் பிரிந்தால் சுகாதாரப் பணிமனை பிரியும்; பணிமனைக்கு ஒரு மருந்துக் களஞ்சியம் வேண்டும். கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து பிராந்தியக் களஞ்சியத்துக்கும், அங்கிருந்து வைத்தியசாலைகளுக்கும் மருந்து இறங்கும் ஒழுங்கு இன்றும் தொடர்கிறது. அந்த ஒழுங்கின் மிகச் சிறிய அலகு, களஞ்சியத் தட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால் தொங்கும் பின் காட். தடித்த அட்டை. திகதி, எங்கிருந்து அல்லது எங்கே, வரவு, செலவு, மிகுதி, தொகுதி எண், காலாவதித் திகதி என நிரல்கள். ஒரு பெட்டி பரசிற்றமோல் குளிசை இறங்கினால் ஒரு வரி. அமொக்சிசிலின் வெளியே போனால் ஒரு வரி. தட்டிலுள்ளதை எண்ணி அட்டையின் கடைசி வரியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும் என்ற விதியும் அந்த அட்டையை நம்பித்தான் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை இந்த அட்டைகளைக் கூட்டி, அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்று கொழும்புக்கு மதிப்பீடு எழுதப்படும்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்த பிறகு அந்த மதிப்பீட்டுக்கு இன்னொரு கையொப்பம் தேவைப்பட்டது. தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் போகும் பொருள்கள் மீது அரசு தடைகளும் மட்டுப்பாடுகளும் விதித்தது. எரிபொருள், சீமெந்து, பற்றரி ஆகியவற்றோடு மருந்தும் அறுவைச் சிகிச்சைப் பொருள்களும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கு உட்பட்டன. வைத்தியர்களும் தாதியரும் களஞ்சியக்காரரும் தொடர்ந்து அரச ஊழியர்களாகவே சம்பளம் பெற்றார்கள், கச்சேரியும் இயங்கியது. கேட்பது சுகாதாரத் திணைக்களம். விடுவது பாதுகாப்பு அமைச்சு. வழியில் சோதிப்பது இராணுவம். சுகாதார அமைச்சு ஒதுக்கிய தொகைக்கும் களஞ்சியத்தில் இறங்கிய தொகைக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை எழுத்தில் காட்டக்கூடியது களஞ்சியப் பேரேடு மட்டுமே.

1996 செப்டம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது நகரத்து வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பெருந்தொகையான மக்களும் அப்போது வன்னியில் இருந்தார்கள். மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற சிறு ஊர்களின் வைத்தியசாலைகள் மாவட்டத்தின் சுமையைத் தாங்கின. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறுவைச் சிகிச்சையில் துணை நின்றது; தியாகி திலீபன் பெயரிலான மருத்துவ நிலையங்களைப் புலிகளின் மருத்துவப் பிரிவினர் ஊர்களில் நடத்தினார்கள். இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை 1997 மே மாதம் தொடங்கி ஏ-9 வீதி போர்க்களமானபோது மருந்து லொறிகள் மன்னார்ப் பக்கத்து உயிலங்குளம், பின்னர் பிரமனாலங்குளம் போன்ற வழிகளால் சுற்றி வந்தன. தேசிய மின்வலையிலிருந்து பெருநிலப்பரப்பு அறுந்திருந்தது. தடுப்பூசிக்கும் இன்சுலினுக்கும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிர் வேண்டும், மண்ணெண்ணெய்க்கோ தட்டுப்பாடு. குளிரூட்டியின் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்துத் தாளில் குறித்து வைத்த தாதியரின் பொறுமை இந்த வரலாற்றில் பெயரில்லாமல் இருக்கிறது. இன்று அதே வேலையைச் செய்யும் மின்னணு வெப்பப் பதிவுக் கருவிகள் விற்பனைக்குள்ளன.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை வந்தது, ஏ-9 திறந்தது, ஓமந்தை வழியாக மருந்து தடையின்றி வரத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தெடுத்தது. உலகெங்கிலுமிருந்து மருந்துப் பெட்டிகள் இலங்கைக்குக் குவிந்தன. அவற்றில் பல கேட்கப்படாதவை. சில புரியாத மொழியில் எழுதப்பட்டவை. சில காலாவதியை அண்மித்தவை. ஏராளமாக வந்தும் என்ன இருக்கிறதென்று தெரியாத நிலை, பற்றாக்குறையைப் போலவே ஆபத்தானது என்பதை அன்று தரம் பிரித்தவர்கள் கண்டார்கள்.

அடுத்து வந்தது மிகக் கொடிய காலம். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசு பணித்தது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான கரித்தாசும் தங்கின. 2009 ஜனவரியிலிருந்து மக்கள் புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கடற்கரையை நோக்கி ஒடுங்கினார்கள். வைத்தியசாலைகளும் அவர்களோடு பள்ளிக்கூடங்களுக்கும் கூடாரங்களுக்கும் நகர்ந்தன. அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்தான் எவ்வளவு மருந்து அனுப்புவது என்பதைத் தீர்மானித்தது. அரசு சொன்ன எண் சுமார் 70,000. களத்திலிருந்த மாவட்ட அதிகாரிகள் மூன்று இலட்சத்துக்கு மேல் என்று எழுதினார்கள். யுத்தம் முடிந்தபின் முகாம்களில் பதிவானவர்கள் 280,000 பேருக்கு மேல். மயக்க மருந்தும் நரம்பூசித் திரவமும் நுண்ணுயிர்க்கொல்லியும் இல்லாமல் காப்பாற்றக்கூடிய உயிர்கள் போயின என்பதைக் களத்து வைத்தியர்கள் அப்போதே எழுத்தில் அறிவித்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011இல், அரசு மக்கள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னதை விரிவாக ஆராய்ந்தது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் மருந்துப் பற்றாக்குறையைப் பரிசீலித்தது. 2009 பெப்ரவரி 10 முதல் மே தொடக்கம் வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்கள் ஏறத்தாழ 14,000 நோயாளரையும் துணைக்கு வந்தோரையும் கடல்வழியே வெளியேற்றின. ஒரு மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதப்படும் சனத்தொகை எத்தனை கனமானது என்பதற்கு இலங்கையில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. திரும்பிய மக்களுக்கு வைத்தியசாலைக் கட்டடங்கள் முதலில் எழுந்தன, மின்சாரமும் வந்தது, 2013 செப்டம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சியை அடைந்தது. நோயாளர் பதிவேடுகளும் கிளினிக் கொப்பிகளும் பெரும்பாலும் அழிந்திருந்தன. நீரிழிவுக்கோ உயர் இரத்த அழுத்தத்துக்கோ பல ஆண்டுகள் மருந்தெடுத்தவர் எந்த மருந்தை எந்த அளவில் எடுத்தார் என்பதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. நிறத்தையும் வடிவத்தையும் சொல்லி அடையாளம் காட்டினார்கள்.

இந்தக் காலத்துக்கு முன்பே கணினிக் கல்வி வன்னியில் காலூன்றத் தொடங்கியிருந்தது. 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி வவுனியாவில் அமைந்தது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. பிரயோக விஞ்ஞான பீடத்தில் தகவல் தொழில்நுட்பம் முக்கிய பாடமாக வளர்ந்தது. பயண அனுமதிப் பாஸ் முறையும் சோதனைச் சாவடியும் நிறைந்த நகரில், இரவில் ஊரடங்கு வரலாம் என்ற நிலையில் மாணவர்கள் ஆய்வுகூடத்தில் நிரல் எழுதிப் பழகினார்கள். சமாதான காலத்தில் புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்நுட்பவியலாளர்களின் துணையோடு கிளிநொச்சியில் வன்னிரெக் என்ற கல்வி நிறுவனம் நடந்தது. யுத்தம் அதையும் அழித்தது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம், வளாகத்துக்குள் நுழைய முடியாத வடக்கு இளைஞருக்குப் பெரிய வாசலைத் திறந்தது. யுத்தத்தின் பின் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எழுந்தது. 2016இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேயே திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 1இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் பெரிய வளாகம் பம்பைமடுவில் இருக்கிறது. 

மருந்துக் களஞ்சியம் கணினிக்குள் வந்தது பெரும்பாலும் 2010க்குப் பிறகு. மருத்துவ வழங்கல் பிரிவு தனது முகாமைத்துவத் தகவல் முறைமையைப் பிராந்தியக் களஞ்சியங்களுக்கும் பெரிய வைத்தியசாலைகளுக்கும் விரித்தது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எஸ்ஆர் எண். அதை அடித்தால் எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு உண்டென்று திரையில் தெரிய வேண்டும். ஒரு தொகுதி தரத்தில் தோற்றதாக அறிவிப்பு வந்தால் அந்தத் தொகுதி எண் எங்கெல்லாம் கிடக்கிறதென்று தேடி நிறுத்த வேண்டும். சிறிய வைத்தியசாலைகளில் பின் காட் இன்னும் தொங்குகிறது. இணைய இணைப்பு அறும் இடத்தில் அது தொங்குவது நல்லதும் கூட.

நோயாளரைப் பதியும் கணினி முறைமைகள் வன்னியில் சந்தித்த ஒரு சிக்கல் பெயர். தகப்பன் பெயர் முன்னே வரும் தமிழ்ப் பெயரை, முதற்பெயர்–குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிளக்கும் மென்பொருளில் ஒருவர் மூன்று விதமாகப் பதிவாகிவிடுவார். ஆங்கில எழுத்தில் ஒரே பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள். இடப்பெயர்வில் ஆவணம் தொலைத்தவருக்கு இது இன்னும் கடினம். நோயாளிக்கு ஒரு தனிச் சுகாதார எண் வழங்கும் தேசிய ஒழுங்கு இதற்கான சரியான விடை. ஊரின் பேச்சும் பெயர் வழக்கும் தெரிந்த பட்டதாரி ஒருவர் அந்தப் பதிவை வடிவமைக்கும்போதுதான் அது முழுப் பயன் தரும்.

மருந்து நிறுவனத்துக்குள் பதிவு பேணும் வேலை இன்னும் இறுக்கமானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் மின்னணுப் பதிவும் கையொப்பமும் எப்போது ஏற்கப்படும் என்று விதி வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் தரவு முறையாகப் பேணப்படுவது பற்றிய வழிகாட்டலை வெளியிட்டது. அவற்றின் சாரம் எளிது. யார், எப்போது, எதை எழுதினார் என்பது அழியாமல் இருக்க வேண்டும். திருத்தினால் பழையதும் தெரிய வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பட்டதாரியின் நாள் பெரும்பாலும் இதிலேயே போகிறது: ஆய்வுகூட அளவீடு சரியான தொகுதியோடு சேர்கிறதா, அனுமதியில்லாதவர் நுழைய முடியுமா, காப்புப் பிரதியிலிருந்து உண்மையில் மீட்டெடுக்க முடிகிறதா என்று சோதித்து, சோதித்ததையும் எழுதி வைப்பது. பழைய களஞ்சியக்காரர் பேரேட்டில் பிழையைச் சுரண்டி அழிக்காமல் ஒரு கோடிட்டு வெட்டிப் பக்கத்தில் ஒப்பமிட்டதும் இதே நெறிதான்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுத்தளத்திலிருந்து 2021 ஜூலையில் ஏராளமான கோப்புகள் அழிந்தன. மருந்துப் பதிவு விண்ணப்பங்களோடு தொடர்புடையவை அவை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது, நாடெங்கும் பேசப்பட்டது. மருந்துக் கணக்கைக் காப்பது மருந்தைக் காப்பதற்குச் சமம் என்று பொதுமக்கள் பலர் உணர்ந்தது அப்போதுதான். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றி வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்தது. 2022 மே மாதம் தமிழ்நாட்டு அரசு அனுப்பிய முதல் கப்பலில் அரிசியோடும் பால்மாவோடும் மருந்தும் வந்தது. எந்த வைத்தியசாலைக்கு எது முதலில் என்று பங்கிட, உயிர் காப்பவை, அத்தியாவசியமானவை, மற்றவை என்ற பழைய வகைப்பாடும் களஞ்சிய மிகுதியுமே வழிகாட்டின.

வன்னியில் பயின்ற தகவல் தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு மருந்துத் துறையில் நேரடி வேலை இன்றும் பெரும்பாலும் கொழும்பிலேயே. சிலர் யாழ்ப்பாணத்து மென்பொருள் நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். அரசின் பட்டதாரி நியமனங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகச் சேர்ந்தவர்கள் பிரதேச செயலகங்களிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் படித்த படிப்போடு முழுதும் பொருந்தாத மேசைகளில் இருக்கிறார்கள். நான்கு ஆண்டு கணினி படித்தவரைக் கடிதம் பதிய வைப்பது பெரிய வீண். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஒவ்வொரு மருந்துக் களஞ்சியத்திலும், அதற்கென்றே பதவியும் படிமுறையும் கொடுத்து, ஒரு பட்டதாரி அமர்த்தப்படுவதற்கான தேவை இருக்கிறது; அந்த வேலைக்கு ஆள்களைத் தயார்ப்படுத்தும் பல்கலைக்கழகம் பம்பைமடுவிலும் பீடங்கள் அறிவியல் நகரிலும் இயங்குகின்றன.